சரி என்று அமுக்கச் சொன்னவள்

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து ரமேஷ் கூப்பிட்டு வெகுநேரம் புலம்பினார். நான் ஓய்வு பெற்றபோது எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர்.

"புது போன்ல ஒரு சர்டிபிகேட் ஏத்துறதுக்குள்ள உசிரு போவுது மேடம். செட்டிங்ஸ்ல எங்கயோ அடியில கொண்டுபோய் ஒளிச்சு வெச்சிருக்கான். ஏத்துனாலும் பாதி ஆப் அதை நம்ப மாட்டேங்குது. நடுவுல எச்சரிக்கை மேல எச்சரிக்கை."

"நல்லதுதானே ரமேஷ்" என்றேன். அவர் எதிர்பார்த்த ஆறுதல் அது இல்லை. சீக்கிரமே பேச்சை முடித்துக்கொண்டார். ஏன் நல்லது என்று சொல்வதற்கு அவருக்கு நேரமும் இல்லை, எனக்கு அப்போது தைரியமும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் மென்பொருள் சோதனைக்காரியாக இருந்தவள். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் கைக்குப் போகும் முன் உடைத்துப் பார்ப்பது என் வேலை. பிறந்தது பழவேற்காட்டுக்குப் பக்கத்தில், கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு குப்பத்தில். நைனா கடலுக்குப் போனவர். பொன்னேரியில் படித்து, சென்னையில் ஒரு மாடி அறையில் கணினி கற்றுக்கொண்டு, தகவல் பதிகிறவளாகச் சேர்ந்து, எங்கள் பிரிவில் யாரும் விரும்பாத சோதனை வேலைக்குத் தள்ளப்பட்டு, அதிலேயே நிலைத்துவிட்டேன். கல்யாணத்துக்குப் பின் மீஞ்சூரில் வீடு. தினமும் புறநகர் ரயில். ஓய்வு பெறும்வரை அந்த ரயிலில் ஜன்னலோரம் கிடைத்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சான்றிதழ் என்று ரமேஷ் சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். போனில் நீங்கள் எதையாவது திறக்கும்போது அது எங்கோ இருக்கும் ஒரு சர்வரோடு பேசுகிறது. நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி அந்தப் பேச்சு பூட்டப்பட்டுப் போகிறது. எதிரே இருப்பது உண்மையான சர்வர்தானா என்று போன் எப்படித் தெரிந்துகொள்ளும்? சர்வர் ஒரு சான்றிதழை நீட்டும். அந்தச் சான்றிதழைக் கொடுத்தது யார் என்று போன் பார்க்கும். கொடுத்தவர் பெயர் போனுக்குள் இருக்கும் நம்பிக்கைப் பட்டியலில் இருந்தால் சரி, இல்லாவிட்டால் பேச்சு முறிந்துவிடும்.

எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பூட்டிய பேச்சைத் திறந்து படித்தால்தான் பிழை எங்கே என்று தெரியும். அதற்காக எங்கள் மடிக்கணினியையே சான்றிதழ் கொடுக்கும் அமைப்பாக மாற்றி, அதன் பெயரைப் போனின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துவிடுவோம். பிறகு மடிக்கணினி நடுவில் உட்கார்ந்துகொண்டு "நான்தான் சர்வர்" என்று சொன்னால் போன் நம்பும். போனில் ஓடுவதில் பெரும்பகுதி என் திரையில் எழுத்து எழுத்தாக விழும்.

இந்த வேலையை எனக்குக் கொடுத்தவர் கோமதி மேடம். எங்கள் பிரிவின் தலைவி. தேநீர் கொண்டுவருகிறவர் முதல் முதலாளி வரை எல்லோரையும் "நீங்க" என்றுதான் அழைப்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. சான்றிதழ் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் இரண்டு கேள்வி கேட்பார். "யார் போன்? எப்ப எடுப்பீங்க?" இரண்டுக்கும் பதிலை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எடுத்த பின் அதே வரியில் இன்னொரு கையெழுத்து. ஏற்றிய கைதான் எடுக்க வேண்டும் என்பது அவர் சட்டம்.

புதிதில் எனக்கு இது கெடுபிடியாகத் தெரிந்தது. ஒரு முறை அவசரத்தில் சொந்தப் போனிலேயே சான்றிதழை ஏற்றி வேலையை முடித்துவிட்டு, எடுக்க மறந்துபோனேன். சில நாள் கழித்து கோமதி மேடம் என் மேசைக்கு வந்தார்.

"வசந்தா, மகளுக்கு அம்மை போட்டிருக்கா?"

திடுக்கிட்டேன். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலைக்கு வராதே என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

"மதியம் ஆபீஸ் வைஃபைல அதைப் பத்தித் தேடியிருக்கீங்க. சோதனை மெஷின்ல வந்து விழுந்துச்சு. நான் பார்க்கணும்னு பார்க்கல. ஆனா பார்த்துட்டேன்." சற்று நிறுத்தினார். "அதை அழிச்சுட்டேன். உங்ககிட்ட சொல்லாம அழிக்கிறது தப்பு, அதான் சொல்றேன். இப்ப வீட்டுக்குப் போங்க, குழந்தைய பாருங்க. போறதுக்கு முன்னாடி போனைக் காட்டுங்க."

அவர் முன்னாலேயே சான்றிதழை எடுத்தேன். நோட்டில் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு அந்த நோட்டை நான் கெடுபிடி என்று நினைத்ததில்லை.

நான் சொல்ல வந்த சம்பவம் அதற்குப் பல வருடம் பின்னால் நடந்தது. ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது.

ஒரு தனியார் நிறுவனத்துக்கு நாங்கள் ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். கரையில் நண்டும் இறாலும் வாங்கும் பெண்கள் அன்றைய சரக்கை அதில் பதிவார்கள். நிறுவனத்தின் வண்டி வந்து எடுத்துப்போகும். எங்கள் குப்பத்துப் பெண்களும் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அங்கிருந்துதான் பிராது வந்தது. நாலு கிலோ நண்டு பதிந்தால் எட்டு கிலோ என்று காட்டுகிறது, வண்டிக்காரர் மீதி நண்டு எங்கே என்று சண்டைக்கு நிற்கிறார்.

சென்னையில் எத்தனை முறை செய்து பார்த்தும் பிழை வரவில்லை. அலுவலகப் போன்களை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போய்ப் பார்த்தேன், அங்கேயும் வரவில்லை. அந்தப் பெண்களின் பழைய போன்களில் மட்டும் வந்தது. அப்படியானால் அவர்கள் போன்களில்தான் சான்றிதழ் ஏற்ற வேண்டும்.

கோமதி மேடத்துக்கு இது பிடிக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டார். ஆறு போன்கள் மட்டும். என்ன செய்யப்போகிறோம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். நோட்டில் ஆறு வரிகளை அவரே கோடு போட்டுக் கொடுத்தார்.

மங்கா அக்கா வீட்டில் உட்கார்ந்தோம். அக்கா எங்கள் பழைய பக்கத்து வீடு. என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். ஏரியில் இறங்கிக் கையாலேயே நண்டும் இறாலும் பிடிப்பவர்களிடமிருந்து சரக்கை வாங்கி விற்பவள். எடையில் ஏமாற்ற மாட்டாள் என்று பெயர் எடுத்தவள். "மங்கா தட்டுல வெச்சா சரியா இருக்கும்" என்று தொலைவிலிருந்துகூடக் கூடையைக் கொண்டுவருவார்கள். அவள் கூப்பிட்டதால்தான் மற்ற ஐந்து பேரும் போனோடு வந்தார்கள்.

வேலை ஆரம்பித்தது. போனுக்குப் பூட்டு எண் இல்லாவிட்டால் சான்றிதழ் ஏறாது. பலருக்கு அந்தப் பழக்கமே இல்லை, வைக்கச் சொன்னேன். பிறகு சான்றிதழ்க் கோப்பை அனுப்பினேன். திறந்ததும் போன் எச்சரித்தது. உங்கள் நெட்வொர்க்கை யாரோ கண்காணிக்கலாம் என்று தமிழிலேயே வந்தது. அடுத்து, எங்கள் சான்றிதழை நம்பும்படி தனியாகச் செய்த செயலியை அனுப்பினேன். இது தெரியாத இடத்திலிருந்து வருகிறது, உங்கள் போனுக்கு ஆபத்து என்று போன் மறுபடி எச்சரித்தது.

தேவகி என்று ஒரு பெண், எல்லோரிலும் இளையவள், தன் சரக்கையும் அக்கா தட்டிலேயே எடைபோடுகிறவள், போனைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னாக்கா, ஆபத்துனு போட்டுகீது?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றும் என் காதில் இருக்கிறது.

"பயப்படாத. அது அப்படித்தான் கத்தும். சரினு அமுக்கு."

தேவகி மங்கா அக்காவைப் பார்த்தாள். அக்கா தன் போனில் அமுக்கிக் காட்டினாள். "நம்ம வசந்தா சொல்றா இல்ல? அமுக்குமே." ஆறு பேரும் அமுக்கினார்கள்.

பிழை அரை மணி நேரத்தில் சிக்கியது. ஏரிக்கரையில் சிக்னல் மெலிந்துபோகும்போது அந்தப் பழைய போன்கள் பதில் வருவதற்குள் பொறுமையிழந்து அதே பதிவை மறுபடியும் அனுப்பின. சர்வர் இரண்டையும் வாங்கிக்கொண்டது. என் திரையில் ஒரே நாலு கிலோ அடுத்தடுத்து இரண்டு முறை ஓடுவதைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பொழுது சாய்வதற்குள் ஆறு போன்களிலும் சான்றிதழை எடுத்தேன், சோதனைச் செயலியை எடுத்தேன், என் மடிக்கணினி வழியாகத் திருப்பிவிட்டிருந்த இணைப்பைப் பழையபடி ஆக்கினேன். நோட்டில் ஆறு கையெழுத்து. மங்கா அக்கா வறுத்த மடவை மீனோடு சோறு போட்டாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பொன்னேரி பஸ் ஏறினேன்.

இரண்டு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மங்கா அக்கா கூப்பிட்டாள். வழக்கமான கணீர்க் குரல் இல்லை.

"வசந்தா, என் போனுக்குப் பைத்தியம் புடிச்சிகிச்சு. நான் எதுவும் அனுப்பல. எல்லார்க்கும் நான் அனுப்புனதா போவுது."

உடனே கிளம்பிப் போனேன். நடந்தது இதுதான். முகம் தெரியாத ஒரு எண்ணிலிருந்து கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்திருக்கிறது. யார் வீட்டுக் கல்யாணமோ என்று அக்கா திறந்திருக்கிறாள். போன் எச்சரித்திருக்கிறது. அமுக்கியிருக்கிறாள். அது பத்திரிகை இல்லை, திருட்டுச் செயலி. உள்ளே புகுந்ததும் அவள் போனில் இருந்த அத்தனை எண்களுக்கும் அவள் பெயரிலேயே அதே பத்திரிகையை அனுப்பியிருக்கிறது. மங்கா அக்கா அனுப்பியதாயிற்றே என்று தேவகியும் திறந்திருக்கிறாள். தேவகியின் வங்கிக் கணக்கில் இருந்தது போய்விட்டது. அக்காவின் கணக்கில் எடுப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

அக்காவின் போனை வாங்கி முதலில் இணைப்பைத் துண்டித்தேன். தேவகியை உட்காரவைத்து வங்கிக்கும் சைபர் காவலுக்கும் புகார் சொல்ல வைத்தேன். அதையெல்லாம் கை பழக்கமாகச் செய்தது. எல்லாம் முடிந்த பின் ஒரு எரிச்சலில் கேட்டுவிட்டேன்.

"ஏன்க்கா, ஆபத்துனு தமிழ்லதானே போட்டிருந்துச்சு. படிக்காமலா அமுக்குன?"

மங்கா அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. புரியாமல்தான் பார்த்தாள்.

"படிச்சேனே. நீதான சொன்ன, அது அப்படித்தான் கத்தும், சரினு அமுக்குனு."

ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் கோமதி மேடம் விடுப்பில் இருந்தார். திட்ட மேலாளரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான். "நம்ம சர்டிபிகேட்டை எடுத்தாச்சு, நம்ம ஆப்பை எடுத்தாச்சு, கையெழுத்து இருக்கு. அது எவனோ அனுப்புன ஃபைல். நமக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல வசந்தா. நீங்களா போய் ஏதாவது பேசி வம்புல மாட்டிக்காதீங்க" என்றார்.

அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு எட்டு நாள் ஓட்டினேன். அந்த எட்டு நாளில் குப்பத்தில் நடந்ததை என் தம்பி போனில் சொன்னான். மங்கா அக்கா வீட்டு வாசலுக்குக் கூடைகள் வருவது நின்றுவிட்டது. அவளே தெரிந்து அனுப்பினாள் என்றுகூட ஒரு பேச்சு. தேவகி பேசவில்லை, தேவகியின் மாமியார் பேசினாள். எடைத்தட்டை உள்ளே எடுத்து வைத்துவிட்டு அக்கா சும்மா உட்கார்ந்திருக்கிறாளாம். "எனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு" என்கிறாளாம். ரயிலில் நின்றுகொண்டே இதைக் கேட்டேன். இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

கோமதி மேடம் விடுப்பு முடிந்து வந்த அன்றே அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். சிரித்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நோட்டை எடுத்து அந்த ஆறு வரிகளையும் ஆறு கையெழுத்துகளையும் பார்த்தார்.

"பிழை அறிக்கை எழுதுங்க" என்றார்.

"எதுக்கு மேடம்? ஆப்ல பிழை இல்லையே."

"உங்ககிட்ட இருக்கு. எங்கிட்டயும் இருக்கு. எழுதுங்க."

எங்கள் தொழிலில் பிழை அறிக்கைக்கு ஒரு வடிவம் உண்டு. என்ன செய்தோம், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, யார் கண்டுபிடித்தார்கள். ஆயிரக்கணக்கில் எழுதியிருப்பேன். இதை எழுத ஒரு முழுப் பகல் ஆயிற்று. போன் ஆபத்து என்று எச்சரித்தது. சோதனைக்காரி சரி என்று அமுக்கச் சொன்னாள். பயனாளர் அடுத்த முறை எச்சரிக்கையைப் பார்த்தால் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை, ஏனென்றால் நிற்க வேண்டாம் என்று அவருக்கு நம்பிக்கையான ஒருவர் சொல்லியிருந்தார். அவரை நம்பி மற்றவர்களும் நிற்கவில்லை. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதப்போனேன். எழுதாமல் மங்கா என்று எழுதினேன்.

கோமதி மேடம் அதை வாய்விட்டுப் படித்தார். எல்லா அறிக்கையையும் அப்படித்தான் படிப்பார். கீழே தானும் கையெழுத்துப் போட்டார். திட்ட மேலாளர் அதைக் கோப்பில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதும், இவர் "சேர்த்தாச்சு" என்று சொன்னதும் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "இதை இங்க வெச்சுக்கிட்டு என்ன பண்றது? படிக்க வேண்டியவங்க அங்க இருக்காங்க. நாளைக்குக் காலைல போலாம். நானும் வரேன்."

விடிந்து படகுகள் ஏரிக்கரை சேரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கரையில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. பெண்கள் கூடைகளோடு நின்றிருந்தார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கோமதி மேடம் ஈர மணலில் எனக்குப் பின்னால் நின்றார். மங்கா அக்காவை வரச்சொல்லி அனுப்பினேன். வந்தாள், ஆனால் கூட்டத்தில் சேராமல் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

காகிதம் கையில் இருந்தது. படிக்க வரவில்லை. வாய்க்கு வந்தபடி சொன்னேன்.

"அக்கா அனுப்பல. போன்ல பூந்த திருட்டு ஆப் அனுப்புச்சு. அது பூந்ததுக்குக் காரணம் நான். ஆபத்துனு போன் சொன்னப்ப, சும்மா கத்துது, அமுக்குனு சொன்னது நான். தேவகி அப்பவே பயந்துச்சு. சிரிச்சேன். அந்தப் புள்ள பயந்ததுதான் சரி."

"அதை ஏன் இப்ப வந்து சொல்ற? பத்து நாளா இன்னா பண்ணிகினு இருந்த?" தேவகியின் மாமியார் கேட்டாள்.

"பயந்துகினு இருந்தேன்" என்றேன்.

கோமதி மேடம் முன்னால் வந்தார். "அன்னிக்கு இவங்கள அனுப்புனது நான். அனுமதி குடுத்தது நான். இவங்களைத் திட்டுறதுல பாதி எனக்கு வரணும்." அவர் இப்படி "இவங்க" என்று மரியாதையாகப் பேசியது கரையில் சிலருக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் யாரும் திட்டவில்லை.

தேவகி தன் கூடையைத் தூக்கினாள். மாமியார் கையைப் பிடித்து இழுத்ததையும் பொருட்படுத்தாமல் படகு வரைக்கும் நடந்து, மங்கா அக்காவின் காலடியில் அதை வைத்தாள். "தட்டு எங்கக்கா?" என்றாள். பணத்தைப் பறிகொடுத்தவள் அவள். அக்கா அழவில்லை. "வீட்ல கீது, எடுத்தாரேன்" என்று வேகமாக நடந்தாள். என்னைத் தாண்டும்போது என்னைப் பார்க்கவில்லை.

புகார் சீக்கிரம் கொடுத்ததால் தேவகியின் பணத்தில் ஒரு பகுதியை வங்கி நிறுத்தி வைத்திருந்தது. அதற்காக அவளோடு பொன்னேரிக்குப் பலமுறை போனேன். அந்தப் பகுதி வந்து சேர வெகுநாள் ஆயிற்று, மீதி வரவேயில்லை. கூடைகள் அக்காவிடம் ஒவ்வொன்றாகத் திரும்பின. எல்லாம் திரும்பவில்லை. அக்கா என்னோடு பேச ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. தம்பி மகன் காதுகுத்தில் என் இலைக்குச் சோறு போட வந்தவள், "இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோ" என்றாள். அவ்வளவுதான். எனக்கு அதுவே பெரிதாக இருந்தது.

அலுவலகத்தில், வெளியார் போனில் சான்றிதழ் ஏற்றுவதை கோமதி மேடம் அடியோடு நிறுத்தினார். குப்பத்துப் பெண்கள் வைத்திருந்த அதே பழைய ரகப் போன்களைக் கடை கடையாகத் தேடி வாங்கினோம். தேடினால் கிடைக்கும் பொருள்தான். அன்றைக்கே தேடியிருக்கலாம். அலுவலகப் போனைக் கொடுத்துச் சம்மதம் கேட்கும்போதுகூட எச்சரிக்கைக்குச் சோதனைக்காரர் சமாதானம் சொல்லக்கூடாது, பயனாளர் தானே படித்து முடிவெடுக்க வேண்டும் என்றும் ஒரு விதி வந்தது. அந்த விதியால் எங்கள் வேலை இரட்டிப்பானது. ரமேஷ் இன்றைக்குப் புலம்புவதில் ஒரு பங்கு அதனாலும் இருக்கலாம்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம் அந்தச் செயலியின் புதிய பதிப்பைச் சோதிக்க மறுபடி குப்பத்துக்குப் போனேன். இந்த முறை ஆறும் அலுவலகப் போன்கள். சான்றிதழ் ஏற்கெனவே ஏற்றியிருந்தது. அதில் நண்டும் இறாலும் பதிந்து காட்டினால் போதும். மங்கா அக்காவிடம் ஒன்றை நீட்டினேன். திரையை மேலிருந்து கீழே இழுத்து, அங்கே இருந்த அறிவிப்பை விரலால் தொட்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம்னு கீது. யாரு கண்காணிப்பாங்க?"

"நான்தான்க்கா."

"இன்னா பாப்ப?"

"இந்தப் போன்ல நீ இன்னா பண்ணாலும் தெரியும். எவ்ளோ சரக்கு போட்ட, எத்தினி மணிக்குப் போட்ட, எல்லாம்."

என் சரக்கு உனக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. போனை என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"எனக்கு வேணாம் வசந்தா" என்றாள், சாதாரணமாக. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எடை போடப் போய்விட்டாள்.

நான் வற்புறுத்தவில்லை. அன்று ஐந்து பேரை வைத்துத்தான் சோதனை நடந்தது.